பழுதும் பத்திரமும் – 17: பொறுமைசாலிக்குப் புது மிசின் இல்லை

போன கிழமை வொறன்ரி அட்டையின் பின்பக்கத்துப் பொடி எழுத்தோடு விட்டோம். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடியுங்கள். லீசிங்கில் எடுத்த மிசினைப் பற்றி இந்தக் கிழமை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது கொஞ்சம் பொறுக்கட்டும். நான் 1896இல் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அந்த வருடத்து 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறது. வெள்ளைக்காரன் தன் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து இலங்கைக்கு எழுதியது. இரணைமடுக் குளத்தைவிட மூப்பு. விற்பவர் கொடுக்கும் வாக்கை அது இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று நிபந்தனை, அது பிழைத்தால் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம். மற்றது வொறன்ரி, அது பிழைத்தால் நட்டஈடுதான் கேட்கலாம், பொருள் உங்கள் தலையில்தான். கடைக்காரர் முத்திரை குத்தி நீட்டும் அட்டையை நாம் அலுமாரியில் பூட்டி வைக்கிறோம். சட்டமோ அதைத் தம்பி ஸ்தானத்தில் வைத்திருக்கிறது!

அண்ணன் எங்கே என்கிறீர்களா? உங்கள் வாயில். இன்ன வேலைக்கு என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு உதவவேண்டும் என்பது நிபந்தனையாகிவிடும். ஆகவே வோட்டர் பம் வாங்கப் போனால், "கச்சானுக்கு இறைக்க, கிணத்துத் தண்ணி கோடையில இவ்வளவு ஆழத்துக்குப் போகும்" என்று நாலு பேர் கேட்கச் சொல்லுங்கள். தண்ணீர் 25 அடிக்குக் கீழே இறங்கினால் மேலே வைத்த பம் இழுக்காது. அதைச் சொல்லவேண்டியது விற்பவர்.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு பொறியும் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் பொருளை வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. அதோடு அண்ணனும் தம்பியாகிவிடுவான்.

வன்னியான் விழுவது இங்கேதான். திருத்திப் பார்ப்போம் என்பது எங்கள் இரத்தத்தில் ஊறியது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மோட்டார்சைக்கிளுக்கு இரண்டு துளி பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டிய சனம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட சனம். 2002இல் ஏ9 திறக்கும்வரை மாற்றுவது என்ற பேச்சே இல்லை. அந்தக் கெட்டித்தனம் இப்போது கொம்பனிக்காரனுக்கு வாய்ப்பாகப் போய்விட்டது.

பரந்தனில் ஒரு மெக்கானிக் அண்ணையிடம் இதைச் சொன்னேன். தடைக் காலத்தில் தொழில் பழகியவர். பதில் சொல்லாமல் முன்னால் கிடந்த பம்மின் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். நுனி ஒயிலில் தோய்ந்து கறுத்திருந்தது. போன மாதம்தான் வொறன்ரியில் ரிங் மாற்றி வந்ததாம்.

"வேற வேற பழுது வந்தா அது பாவிக்கிறதால வாறது, தம்பி. தண்ணி இல்லாமல் ஓடவிட்டுச் சீலைக் கருக்கிறது எங்கட ஆக்கள்தான். ஒரே பழுது திரும்பி வந்தா அது பிறவிக்குணம். நான் என்னத்தைத் திருத்த?"

கலிபோர்னியாவில் புதுக் காருக்கு இதைச் சட்டமாகவே எழுதியிருக்கிறார்கள்: ஒரே பழுதுக்கு 4 தரம் திருத்தியும் சரிவராவிட்டால், அல்லது கார் 30 நாளுக்கு மேல் கராஜில் கிடந்தால், மாற்றித் தா அல்லது காசைத் தா என்று கேட்க வழி. சிறுபோகத்துக்கு அந்தக் கணக்கு உதவாது. வைகாசியில் 30 நாள் பம் இல்லாவிட்டால் மிளகாய்க் கன்று விறகு. மார்கழிக் கழிவு விலைக்கு ஆசைப்பட்டு வாங்கும் பம் மழை முடியும்வரை கொட்டிலில் தூங்குகிறது, வொறன்ரி மட்டும் ஓடுகிறது. வாங்கிய கிழமையே கிணற்றடியில் வைத்து ஓடவிடுங்கள். ஒரே பழுது இரண்டாம் தரம் வந்தால் எனக்குப் போதும். திருத்தக் கொடுக்காமல், மாற்றித் தரச்சொல்லிக் கடிதம் கொடுத்துப் பிரதியில் கையெழுத்து வாங்குவேன்.

மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டப்படி, விசாரித்து, மாற்றிக் கொடு என்றோ காசைத் திருப்பு என்றோ அவர்கள் கட்டளையிடலாம். முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள், சுணங்காமல்.

லீசிங்கா? பணம் முடியும்வரை மிசினின் சொந்தக்காரர் லீசிங் கொம்பனி. அப்படியானால் மாற்றித் தா என்று கேட்பது யார்? ஆசிரியர் பக்கம் முடிந்தது என்கிறார். அடுத்த கிழமை, கட்டாயம்.