வீடுதோறும் சென்ற ஆராய்ச்சி

குழந்தை பிறந்த வீட்டில் மகிழ்ச்சி பொங்குதல் இயல்பு. அக்குழந்தை ஓராண்டு நிறையுமுன் இறக்குமாயின், அவ்வீடு ஆறாத் துயரில் ஆழும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டில் இத்துயரை அடைந்த இல்லங்கள் பல. தாய்மாரின் அறியாமையே இதற்குக் காரணம் என்றனர் சிலர்; விதியின்மேல் பழி சுமத்தினர் வேறு சிலர். உண்மைக் காரணம் யாது? அதனை ஆராய்ந்தறிய முற்பட்டவர் ஜூலியா லாத்ராப் அம்மையார்.

இவர் 1858ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். சிகாகோ நகரிலுள்ள ஹல் இல்லத்தில் தங்கி, ஏழை மக்களிடையே தொண்டாற்றியவர். 1912இல் அமெரிக்க அரசு குழந்தைகள் நலத்துறையை நிறுவி, அதன் தலைமைப் பொறுப்பை இவரிடம் ஒப்படைத்தது. தொடக்கத்தில் அத்துறையில் இருந்த பணியாளர் பதினைவரே. பணமும் குறைவு, ஆட்களும் குறைவு. ஆயினும் அம்மையார் தளரவில்லை.

பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள ஜான்ஸ்டவுன் அக்காலத்தில் எஃகுத் தொழில் நகரமாக விளங்கியது. 1911இல் அங்குப் பிறந்த குழந்தைகளின் பெயர்களைப் பிறப்புப் பதிவேட்டிலிருந்து திரட்டிக்கொண்டு, 1913இல் பெண் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்றனர். குழந்தைக்குத் தாய்ப்பால் கிடைத்ததா? குடிநீர் எங்கிருந்து வருகிறது? கழிவுநீர் எங்கே செல்கிறது? தந்தையின் ஊதியம் எவ்வளவு? இவ்வாறு பரிவோடு வினவி, விடைகளைக் குறித்துக்கொண்டனர்.

கிடைத்த உண்மை பலரையும் திடுக்கிடச் செய்தது. உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 134 பேர் ஓராண்டுக்குள் இறந்திருந்தனர். மிகக் குறைந்த ஊதியம் பெற்ற குடும்பங்களில் அவ்வெண் 250க்கும் மேற்பட்டது. நல்ல ஊதியம் பெற்ற குடும்பங்களிலோ 84 ஆகக் குறைந்தது. சாக்கடை வசதியற்ற, தூய்மை குன்றிய பகுதிகளில் இறப்பு மிகுந்திருந்தது. அன்பில் எல்லாத் தாயரும் ஒத்தவரே. வாழ்க்கை நிலையே வேறுபட்டது. பழி தாய்மேல் இல்லை. வறுமையின் மேலும் ஊரின் புறக்கணிப்பின் மேலுமே இருந்தது.

பிறப்பைப் பதிவு செய்வதன் இன்றியமையாமையையும் இத்துறை நாடெங்கும் வலியுறுத்தியது. பிறந்தோர் எத்தனை பேர் எனத் தெரியாவிடில், இறப்பின் அளவை எங்ஙனம் அறிவது? அப்பதிவால் மற்றொரு நன்மையும் விளைந்தது. வயதைக் கூட்டிச் சொல்லிச் சிறுவர்களை ஆலை வேலைக்கு அனுப்புதல் அரிதாயிற்று. மழலைக்குக் காவலாக அமைந்த ஏடு, இளம்பருவத்தார்க்கும் அரணாயிற்று.

இத்தகைய ஆராய்ச்சிகளின் பயனாக, தாய் சேய் நலத்துக்கென மாநிலங்களுக்குப் பொருளுதவி அளிக்கும் சட்டம் 1921இல் நிறைவேறியது. செவிலியர் ஊர்தோறும் சென்றனர். நல நிலையங்கள் தோன்றின. 1929இல் அவ்வுதவி நின்றபோதிலும், குழந்தையைக் காத்தல் அரசின் கடமை என்னும் எண்ணம் மக்கள் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது.

இரக்கம் கண்ணீரைத் துடைக்கும். ஆராய்ச்சி அக்கண்ணீரின் காரணத்தைக் களையும். இவ்விரண்டும் இணைந்ததே உண்மையான சமூகத் தொண்டு.