வாடிக்கையாளரின் கடிகாரம்

நியூயார்க் வாடிக்கையாளரிடம் அங்கே காலை 9 மணிக்குப் பேசுவதாக ஒப்புக்கொண்ட ஏற்றுமதியாளர், குளிர்காலம் முழுவதும் நம் நேரப்படி இரவு 7.30 மணிக்கு அழைத்துப் பழகியிருப்பார். மார்ச் மாத இரண்டாம் ஞாயிறன்று அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்படுகிறது. அதன்பின் அதே 7.30 அங்கே 10 மணி. காத்திருந்தவர் எழுந்து போயிருப்பார். லண்டனிலோ இம்மாற்றம் மார்ச்சின் கடைசி ஞாயிறன்றுதான். நம் நாட்டுக் கடிகாரம் மாறுவதே இல்லை. ஆதலால் இது நம் நினைவுக்கு எளிதில் வருவதில்லை.

வாடிக்கையாளர் மேலாண்மை மென்பொருளில் 'பத்தரை மணி வேறுபாடு' என்று எண்ணாகக் குறித்து வைப்பதே பிழையின் வேர். 'அமெரிக்கா/நியூயார்க்' என்பது போன்ற காலமண்டலப் பெயரையே நாம் பதிய வேண்டும். கணினிகள் பயன்படுத்தும் உலகப் பொதுத் தரவுத்தளத்தில் கடிகார மாற்ற விதிகள் அப்பெயரின் கீழ்தான் தொகுக்கப்பட்டுள்ளன.

இதற்கு நிரல் எழுதத் தேவையில்லை. நகரங்களையும் அவற்றின் மண்டலப் பெயர்களையும் ஒரு விரிதாளில் தொகுத்துக்கொண்டு, ஸோஹோ ஃப்ளோ, ஜாப்பியர் போன்ற இணைப்புக் கருவி ஒன்றின் வழியே மென்பொருளோடு பிணைக்கலாம். புதிய பதிவு சேர்ந்ததும் மண்டலப் பெயர் தானே நிரம்பிவிடும். நாட்டின் பெயரை மட்டும் நம்புதல் ஆகாது: குளிர்காலத்தில் டென்வரோடு ஒரே நேரம் காட்டும் பீனிக்ஸ், கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. தொலைபேசி எண்ணும் சான்றாகாது. ஊர் மாறினாலும் கைபேசி எண் உடன் செல்லுமே!

சந்திப்பை வாடிக்கையாளரின் நேரத்தில் பதிந்து, இந்திய நேரத்தைக் கருவியே கணக்கிட விடுக. முதல் ஆண்டு மார்ச்சில் மட்டும் இரண்டொரு பதிவுகளை நாமே சரிபார்த்துக்கொள்வது நன்று.