விழுந்தபோது உள்ளே என்ன இருந்தது?

டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைச் சீட்டின் மேல் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அது உருண்டு சிமென்ட் தரையில் 'டொக்'கென்று விழுகிறது. பக்கத்தில் நிற்பவர்களில் ஒருவர் கட்டாயம் சொல்வார்: "அவ்வளவுதான் சார், ஒரு தடவை விழுந்தா அதோட பவர் போச்சு." இன்னொருவர், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, துடைச்சிட்டுப் போடுங்க" என்பார். முதலாமவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே கேட்காத ஒன்று உண்டு: விழுந்தபோது அதற்குள் தலை இருந்ததா?

உயிர் காப்பது தெர்மாகோல்

ஹெல்மெட் என்றதும் நம் கண்ணில் படுவது பளபளக்கும் வெளி ஓடு. கூரான பொருள் உள்ளே குத்தாமல் தடுப்பதும், விழும் அடியை ஒரே இடத்தில் தங்கவிடாமல் பரப்பிவிடுவதும் அதன் வேலை. நெற்றியிலும் கன்னத்திலும் மெத்தென்று படும் பஞ்சு, தலை பொருந்தி உட்காருவதற்கானது. அடியை வாங்கிக்கொள்வது இந்த இரண்டுக்கும் நடுவே மறைந்திருக்கும் தெர்மாகோல் அடுக்கு. புது டிவி வாங்கினால் பெட்டிக்குள் வருமே, அதே இனம்தான். அடர்த்தி மட்டும் கூடுதல்.

தலை தரையில் மோதியதும் மண்டையோடு நின்றுவிடுகிறது. உள்ளே திரவத்தில் மிதக்கும் மூளை உடனே நிற்பதில்லை. அது எலும்பில் மோதிக் கன்றிப்போகிறது, திருகிக்கொள்கிறது, ரத்தக் குழாய்கள் கிழிகின்றன. தெர்மாகோல் நசுங்க நசுங்க, தலை நிற்பதற்குச் சில மில்லி விநாடிகள் கூடுதலாகக் கிடைக்கின்றன. அவ்வளவுதான் அது தரும் சலுகை. ஆனால் 2008-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின் கணிப்புப்படி, ஹெல்மெட் அணிவதால் விபத்தில் சிக்கியவர் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 42 சதவீதமும், தலைக்காயம் படும் வாய்ப்பு 69 சதவீதமும் குறைகின்றன.

நசுங்கிய தெர்மாகோல் மறுபடி உப்பி வராது. அதே இடத்தில் அடுத்த அடி விழுந்தால், நசுங்குவதற்கு அங்கே மிச்சம் இருக்காது. "பவர் போச்சு" என்ற பேச்சுக்கு வேர் இதுதான்.

காலி ஹெல்மெட்டின் கணக்கு

முகத்தை முழுவதும் மூடும் ஹெல்மெட் ஒன்று ஒன்றரைக் கிலோ இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். வண்டியின் ஹேண்டில் உயரத்திலிருந்து, அதாவது சுமார் ஒரு மீட்டரிலிருந்து விழுந்தால், அது தரையைத் தொடும்போது இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 15 ஜூல். ஐரோப்பாவில் முன்பு நடைமுறையில் இருந்த இசிஇ 22.05 தரச் சோதனையில், உள்ளே தலை உருவம் ஒன்றைப் பொருத்தி விநாடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில் இரும்புப் பரப்பின் மீது மோதவிட்டார்கள். தலை உருவம் ஐந்து கிலோ என்று கொண்டால், அதன் ஆற்றல் மட்டுமே 140 ஜூல். டீக்கடை வாசலில் நடந்தது இதில் பத்தில் ஒரு பங்குதான்.

அந்தப் பத்தில் ஒரு பங்கும் பெரும்பாலும் வெளி ஓட்டோடு முடிந்துவிடுகிறது. தெர்மாகோல் நசுங்க வேண்டுமென்றால் வெளியே தரையும் உள்ளே தலையும் சேர்ந்து அதை நெருக்க வேண்டும். உலக்கை இல்லாத உரலில் நெல் எப்படிக் குத்துப்படும்?

அமெரிக்காவில் 1956-இல் கார்ப் பந்தயத்தில் தலைக்காயம் பட்டு இறந்த பீட் ஸ்னெல் நினைவாக, மறு ஆண்டே தொடங்கப்பட்ட ஸ்னெல் அறக்கட்டளை, ஹெல்மெட்டுகளை மோதவிட்டுச் சோதிப்பதையே தொழிலாகக் கொண்டது. கை தவறி விழுந்த காலி ஹெல்மெட்டைப் பொதுவாக மாற்றத் தேவையில்லை, ஆனால் திரும்பத் திரும்பக் கீழே போட்டுக்கொண்டிருந்தால் நாளடைவில் கெடும் என்பதுதான் அவர்கள் சொல்வதும்.

விலக்குகள் உண்டு. மாடியிலிருந்து விழுந்தது, ஓடும் வண்டியிலிருந்து தெறித்துச் சாலையில் மோதியது ஆகியவை வேறு கணக்கு. ஹெல்மெட்டைக் கூடையாக்கி உள்ளே பூட்டுச் சங்கிலியோ டிபன் பாக்ஸோ தேங்காயோ வைத்திருக்கையில் விழுந்தாலும் அப்படியே. அங்கே உலக்கை வந்துவிட்டது.

கழற்றிப் பாருங்கள்

மேலே ஒரு கீறலைப் பார்த்துவிட்டு முடிவு செய்ய முடியாது. பஞ்சுப் பகுதியைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு, பகல் வெளிச்சத்தில் தெர்மாகோலை விரலால் தடவுங்கள். வெடிப்பு, பள்ளம், ஓட்டிலிருந்து விலகி நிற்கும் இடைவெளி ஏதாவது தட்டுப்பட்டால் அது போதும் காரணம். இரண்டு பக்கமும் கையால் லேசாக அழுத்தினால் முன்பு இல்லாத நெறுநெறுப்பு கேட்கிறதா என்று கவனியுங்கள். பைபர் கிளாஸ் ஓட்டில் மயிரிழை விரிசலும், பிளாஸ்டிக் ஓட்டில் வெளுத்த கோடும் சாதாரணக் கீறல் அல்ல. தாடைப் பட்டையின் ரிவெட் ஆடக் கூடாது. பக்கிள் ஒரே சொடுக்கில் மாட்ட வேண்டும்.

நசுங்கல் சில சமயம் ஓட்டை ஒட்டிய பக்கத்தில், கண்ணுக்கு எட்டாமல் இருக்கும். அதனால் பலத்த அடி பட்டது என்று தெரிந்தால், பார்வைக்கு நன்றாக இருப்பதை நம்பாதீர்கள்.

பஞ்சைக் கழற்றினால் உள்ளே தெர்மாகோலே இல்லாமல் வெறும் ஸ்பாஞ்ச் தெரிகிறதா? இந்தியாவில் இருசக்கர வாகன ஹெல்மெட்டுக்கு ஐஎஸ் 4151 தரமும் ஐஎஸ்ஐ முத்திரையும் 2021 ஜூன் 1 முதல் கட்டாயம். ஸ்பாஞ்ச் மட்டும் வைத்த ஹெல்மெட் போலீஸ்காரருக்காகப் போடும் தொப்பி. அது விழுந்தால் என்ன, விழாவிட்டால் என்ன!

விழாமலே கெடுவது

கை தவறி ஒரு முறை விழுந்ததற்குப் பதறும் நாம், தினமும் என்ன செய்கிறோம்? வண்டியின் சைடு மிர்ரர் மேல் ஹெல்மெட்டைக் கவிழ்த்துவிட்டுப் போகிறோம். கண்ணாடியின் முனை, மொத்த எடையையும் தாங்கி, நம் தலை உட்காரும் அதே தெர்மாகோலில் குத்தி நிற்கிறது. பல மாதம் இப்படிச் செய்த ஹெல்மெட்டைத் திறந்தால் உள்ளே கட்டைவிரல் பதிந்தது போலக் குழி இருக்கும். என்னைக் கேட்டால், தரையில் விழுவதைவிட இது மோசம். மிர்ரரை விட்டுத் தரையிலேயே வைத்துவிடலாம். தரையில் இருப்பது அதற்கு மேல் விழப்போவதில்லை.

பெட்ரோலும் தின்னரும் தெர்மாகோலைக் கரைத்துவிடும். பெயின்ட் கறையைத் துடைக்கிறேன் என்று தின்னர் துணியால் தேய்த்தால், பிளாஸ்டிக் ஓடும் கண்ணுக்குத் தெரியாமல் பலவீனப்படும். குழந்தை ஷாம்பூவும் தண்ணீரும் போதும். எதுவுமே ஆகாவிட்டாலும் சுமார் ஐந்து ஆண்டில் மாற்றிவிடச் சொல்கிறது ஸ்னெல்; வியர்வை, எண்ணெய், வெயில் எல்லாம் சேர்ந்து தின்றிருக்கும்.

தலையோடு விழுந்தால்

தலை உள்ளே இருக்கும்போது ஹெல்மெட் தரையில் மோதியிருந்தால், வெளியே ஒரு கோடுகூட இல்லாவிட்டாலும் அதை மாற்றிவிட வேண்டும். அதற்கு முன், மாட்டியிருந்தவரைக் கவனிக்க வேண்டும். சற்று நேரம் நினைவு தப்பியது, வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, வழக்கமில்லாத தூக்கம், பேச்சுக் குழறல், காதிலோ மூக்கிலோ ரத்தமோ தெளிந்த நீரோ வடிவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். "ஹெல்மெட்தான் போட்டிருந்தாரே" என்று வீட்டில் படுக்க வைத்துவிடாதீர்கள். மூளையைச் சுற்றிய ரத்தக் கசிவு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படும்.

நம் வீடுகளில் இன்னொரு வழக்கம் இருக்கிறது. ஓட்டுபவருக்குப் புதிது வாங்கியதும் அடிபட்ட பழையது பின்சீட்டுக்கு, பெரும்பாலும் மனைவிக்கோ கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கோ போய்ச் சேரும். சாலைக்கு முன்சீட்டுத் தலை, பின்சீட்டுத் தலை என்ற பேதம் கிடையாது. ஒதுக்கிய ஹெல்மெட்டின் தாடைப் பட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டுத்தான் பழைய சாமான்காரரிடம் போடுங்கள். இல்லாவிட்டால் துடைத்த பளபளப்போடு வேறொரு தலைக்குப் போய்விடும்.