ஏழாம் தலைமுறை தேடும் ஊர்ப் பெயர்

புது தில்லி, ஜன்பத் சாலையில் 1926-ல் கட்டி முடிக்கப்பட்ட தேசிய ஆவணக் காப்பகத்தை நாடுவோர் இரு வகையினர். வரலாற்று ஆய்வேடு எழுதுவோர் ஒரு வகை. தம் பாட்டனாரின் பாட்டனார் எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார் என்று அறிய விரும்புவோர் மற்றொரு வகை. முதல் வகையினரைச் சட்டம் பெயர் சொல்லி அழைக்கிறது. இரண்டாம் வகையினரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

இந்த இரண்டாம் வகையினரின் தேடல், அண்மை ஆண்டுகளில் குடும்பப் பாசம் தொடர்பானதாக மட்டும் இல்லை. அதற்கு அரசியல் காரணமும் சேர்ந்திருக்கிறது.

1834 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டோர் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். மோரீஷஸுக்கு மட்டும் சுமார் நாலரை லட்சம் பேர் சென்றனர். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேரும், ஃபிஜிக்கு 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரும், சுரிநாமுக்குச் சுமார் 34 ஆயிரம் பேரும் சென்றனர்.

இவர்களின் வழித்தோன்றல்கள் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் (ஓ.சி.ஐ.) அட்டை பெறுவதில் நீண்ட காலம் ஒரு தடை இருந்தது. குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவு, கொள்ளுப்பேரர் வரையில்தான் இந்த உரிமையை வழங்குகிறது. 1873-ல் 'லல்லா ரூக்' கப்பலில் சுரிநாம் சென்றவரின் குடும்பத்தில் இன்றைய இளைஞர்கள் அந்த வரம்பைத் தாண்டிவிட்டனர்.

தடை நாடு நாடாகத் தளர்த்தப்பட்டது. சுரிநாம் இந்திய வம்சாவளியினருக்கு ஆறாம் தலைமுறை வரை அட்டை வழங்கப்படும் என்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு 2023 ஜூனில் அறிவித்தார். மோரீஷஸ் மக்களுக்கு ஏழாம் தலைமுறை வரை என்று 2024 மார்ச்சில் அறிவித்தவரும் அவரே. டிரினிடாட் சென்ற பிரதமர் மோடி, அங்குள்ளோருக்கு ஆறாம் தலைமுறை வரை என்று 2025 ஜூலையில் அறிவித்தார்.

இந்த அட்டை வாக்குரிமை தராது. விவசாய நிலம் வாங்கவும் இடம் தராது. ஆயினும் வாழ்நாள் முழுவதும் விசா இன்றி இந்தியாவுக்கு வந்து செல்லலாம். அதற்கு, மூதாதையர் இந்தியாவிலிருந்து சென்றவர் என்பதைத் தாளில் காட்டியாக வேண்டும்.

சீட்டில் உள்ளவை

கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் 'எமிகிரேஷன் பாஸ்' என்ற சீட்டு எழுதப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், காவல் நிலைய எல்லை, ஊர், நெருங்கிய உறவினர், உயரம், உடலில் உள்ள அடையாளம் ஆகியவை அதில் இடம்பெற்றன. ஊரை விட்டுச் சென்ற ஏழைத் தொழிலாளியைப் பற்றி இவ்வளவு விவரம் தரும் தாள் வேறொன்று கிடைப்பது அரிது. நிலம் இல்லாதவர் பெயரை நிலப் பதிவேட்டில் தேடிப் பயனில்லை.

இச்சீட்டுகளும் கப்பல் பட்டியல்களும் சென்று சேர்ந்த நாடுகளிலேயே பெரும்பாலும் தங்கிவிட்டன. மோரீஷஸில் மோகா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் அவற்றைப் பாதுகாக்கிறது. ஃபிஜி, கயானா, சுரிநாம், டிரினிடாட் நாடுகளின் ஒப்பந்தத் தொழிலாளர் ஆவணங்கள் 2011-ல் யுனெஸ்கோவின் 'உலக நினைவு' பதிவேட்டில் சேர்க்கப்பட்டன.

தில்லியில் இருப்பவை வேறு வகை. 1871-ல் தொடங்கப்பட்ட வருவாய், வேளாண்மை, வணிகத் துறையின் குடியேற்றப் பிரிவுக் கோப்புகள் இங்கு உள்ளன. கல்கத்தா, சென்னைத் துறைமுகங்களில் இருந்த அதிகாரிகளின் ஆண்டறிக்கைகள், கப்பலில் நேர்ந்த மரணங்கள், தொழிலாளரின் முறையீடுகள் முதலியவற்றை இவற்றில் காணலாம். அங்குள்ள சீட்டையும் இங்குள்ள கோப்பையும் சேர்த்துப் படித்தால்தான் குடும்ப வரலாறு முழுமை பெறும்.

மாறிப்போன மாவட்டங்கள்

சீட்டு கிடைத்த பின்னரே உண்மையான சிக்கல் தொடங்குகிறது. பல சீட்டுகளில் காணப்படும் 'ஷாஹாபாத்' என்ற மாவட்டம் இன்று பிகார் வரைபடத்தில் இல்லை. போஜ்பூர், பக்சர், ரோத்தாஸ், கைமூர் என அது நான்காகப் பிரிந்துவிட்டது.

தமிழர்களுக்கும் இதே நிலைதான். 1860-ல் நேட்டாலுக்கு முதல் தொழிலாளர் குழுவை ஏற்றிச் சென்ற 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்தே புறப்பட்டது. 1911-க்கு முந்தைய தாளில் 'வட ஆற்காடு' என்று இருந்தால், அந்த ஊர் இன்றைய வேலூர், திருவண்ணாமலைப் பகுதியிலும் இருக்கலாம். ஆந்திரத்தின் சித்தூர் பகுதியிலும் இருக்கலாம். சித்தூர் மாவட்டம் அந்த ஆண்டில்தான் தனியே உருவாயிற்று.

பெயர்களும் உருமாறின. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் முதலி 'மூட்லி' ஆனார். கவுண்டர் 'கவெண்டர்' ஆனார். மோரீஷஸில் சுப்பிரமணியன் 'சூப்ரமானியன்' ஆனார்.

இந்த இடத்தில்தான் பொது நூலகங்கள் கைகொடுக்கின்றன. 1881-ல் ஆர்தர் காக்ஸ் தொகுத்த வட ஆற்காடு மாவட்டக் கையேடு, 1906-ல் ஓ'மல்லி எழுதிய ஷாஹாபாத் கெஜட்டியர் போன்ற நூல்களில் பழைய தாலுகாக்களையும் காவல் நிலைய எல்லைகளையும் அறியலாம். கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம், தில்லி மத்திய செயலக நூலகம் ஆகியவை இத்தகைய பழைய அரசு வெளியீடுகளைத் தேடுவோர் நாட வேண்டிய இடங்கள்.

டிரினிடாட் பிரதமராக இருந்த கமலா பெர்சாத் பிசேசர், 2012 ஜனவரியில் பக்சர் மாவட்டத்தில் உள்ள தம் மூதாதையரின் ஊருக்கு வந்தார். மோரீஷஸ் அதிபராக இருந்த ராஜ்கேஸ்வர் புர்யாக், 2013 ஜனவரியில் பாட்னா மாவட்டத்தில் உள்ள தம் முன்னோர் ஊருக்கு வந்தார். அவர்களை வரவேற்க அரசு இயந்திரமே திரண்டது. சாதாரணக் குடும்பத்தினர் தாமாகவே தேட வேண்டும்.

சட்டத்தின் சொல்

நாடாளுமன்றம் 1993-ல் இயற்றிய பொது ஆவணங்கள் சட்டத்தின் 12-வது பிரிவு, முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட, ரகசியமல்லாத ஆவணங்களை 'நேர்மையான ஆராய்ச்சியாளருக்கு' வழங்கலாம் என்கிறது. 'வழங்க வேண்டும்' என்று அது கூறவில்லை. குடும்ப வரலாறு தேடும் பொதுமக்களையும் குறிப்பிடவில்லை. வெளிநாட்டவர் தம் தூதரகத்தின் அறிமுகக் கடிதத்துடன் வருவது நடைமுறை.

தேசிய ஆவணக் காப்பகம் 2015-ல் தொடங்கிய 'அபிலேக் படல்' இணையதளம் இந்த நிலையை ஓரளவு மாற்றியுள்ளது. மின்மயமாக்கப்பட்ட கோப்புகளை யார் வேண்டுமானாலும் பதிவு செய்து பார்க்கலாம். ஆனால் கோப்பின் தலைப்பைக் கொண்டுதான் தேட முடிகிறது. கோப்புக்குள் இருக்கும் கூலித் தொழிலாளியின் பெயர் தலைப்பில் ஏறுவதில்லை.

வெளிநாட்டுக் காப்பகங்களின் கப்பல் பட்டியல்களையும் தில்லி, கொல்கத்தா, சென்னை ஆவணங்களையும் இணைத்து ஒரே பெயர் அகரவரிசை தயாரிக்கப்பட வேண்டும். பழைய மாவட்டப் பெயர்களுக்கு இன்றைய பெயர்களைக் காட்டும் அட்டவணையும் அதனுடன் சேர வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. 12-வது பிரிவில் ஆராய்ச்சியாளருக்கு அருகில் பொதுமக்களையும் சேர்க்க ஒரு சிறு திருத்தம் போதும்.

ஏழாம் தலைமுறைக்கு அட்டை வழங்க முன்வந்துள்ள அரசு, அந்த உறவை நிறுவும் தாளைப் புரட்டிப் பார்க்கும் உரிமையையும் சட்டத்தில் எழுதித் தருவதே முறை.