காயலில் ஓடும் சூரியப் படகு

பெரியார் போராடிக் கைதான வைக்கத்துக்குப் போகிறவர்கள், அந்த ஊர்ப் படகுத்துறைக்கும் ஒரு நடை போய்வர வேண்டும். அங்கிருந்து வேம்பநாட்டுக் காயலைக் கடந்து தவணக்கடவு போக, 2017 ஜனவரியில் 'ஆதித்யா' ஓடத் தொடங்கியது. சூரிய மின்சாரத்தில் ஓடும் இந்தியாவின் முதல் பயணிகள் படகு. 75 பேர் உட்காரலாம்.

எல்லோரும் கூரையில் இருக்கும் சோலார் பலகைகளைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். சூட்சுமம் இருப்பதோ கீழே. ஒல்லியான இரண்டு ஃபைபர் உடல்களை அருகருகே வைத்து, அவற்றின் மேல் பயணிகள் கூடத்தைக் கட்டியிருக்கிறார்கள். அகலமான படகு தண்ணீரைத் தள்ளி அலை எழுப்பியே சக்தியை இழக்கும். மெலிந்த உடலுக்கு அந்த விரயம் குறைவு. நிதான வேகமும் கைகொடுக்கிறது. வேகத்தைப் பாதியாக்கினால், தேவைப்படும் சக்தி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் இவ்வளவு பெரிய படகுக்கு 20 கிலோவாட் மோட்டார் இரண்டே போதுமானதாக இருக்கிறது. பேட்டரியில் சேமிப்பது 50 யூனிட். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசம் என்று 2016-ல் அறிவிக்கப்பட்ட 100 யூனிட்டில் சரிபாதி!

டீசல் இன்ஜினில் எண்ணெயின் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் உந்துவிசையாகிறது. மிச்சமெல்லாம் சூடாக வீணாகிறது. ஆள் ஏற்றும்போதும் அது தடதடவென அதிர்ந்தபடி எண்ணெய் குடித்துக்கொண்டே இருக்கும். ஆதித்யா கரையில் நின்றால் மோட்டாரும் நின்றுவிடும். கூரை மட்டும் பேட்டரியை நிரப்பிக்கொண்டிருக்கும். புகை கிடையாது, காயலில் எண்ணெய்ப் படலமும் படராது. நடுக்காயலில் பக்கத்து இருக்கைக்காரரிடம் கத்தாமல் பேசலாம்.

படகை மின்சாரத்தில் ஓட்டுவது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. 1881-லேயே குஸ்தாவ் துருவே, பாரிஸின் சேன் நதியில் மின்மோட்டார் பொருத்திய படகை ஓட்டிக் காட்டினார். அன்றைய பேட்டரிகளின் கனம் இடம் கொடுக்கவில்லை. பெட்ரோலும் டீசலும் முந்திக்கொண்டன. அவர் பெயரில் வழங்கப்படும் மின்படகு விருதை 2020-ல் ஆதித்யா வென்றது.

இதைக் கட்டிய கொச்சி 'நவால்ட்' நிறுவனத்தைத் தொடங்கிய சந்தித் தண்டாசேரி, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் வடிவமைப்பு படித்தவர். இங்கே கற்ற வித்தை நம் நீர்நிலைகளுக்கும் வர வேண்டாமா? கடலில் நாள்கணக்கில் தங்கும் விசைப்படகுகளுக்கு இன்றைய பேட்டரி போதாது, உண்மைதான். ஆனால் முட்டுக்காடு, பிச்சாவரம், ஊட்டி ஏரி எல்லாமே குறைந்த தூரம், அமைதியான தண்ணீர், பகல்நேரச் சவாரி. சுற்றுலாத் துறை அடுத்த மோட்டார் படகை வாங்குமுன், அதிகாரிகளை ஒருமுறை வைக்கத்துக்கு அனுப்பட்டும்.