வைத்தியத்துக்கு விலங்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உச்ச நீதிமன்றம் 2025-ம் வருஷம் ஜூன் 18-ந் தேதி வெளியிட்ட ஒரு தீர்ப்பை நமது நேயர்கள், முக்கியமாக அரசியற் பணியில் ஈடுபட்டிருப்போர், ஊன்றிக் கவனிக்க வேண்டுமென விரும்புகிறோம். டென்னெஸி ராஜ்யத்துச் சட்டசபை 2023-ல் இயற்றிய ஒரு தடைச் சட்டம் செல்லும் என்று ஆறு நீதிபதிகள் கூறினர், மூவர் மாறுபட்டனர். அச்சட்டத்தால் கஷ்டத்துக்குள்ளானவர்கள் திருநர் குழந்தைகள். அதாவது, பிறந்தபோது எழுதப்பட்ட பாலுக்கு மாறாகத் தம்மை உணர்ந்து வாழும் சிறுவர் சிறுமியர்.

பூப்பைத் தள்ளிப்போடும் மருந்தையும் ஹார்மோன்களையும், 18 வயது நிரம்பாத ஒருவருக்கு, அவர் மாற்றுப் பாலினராக வாழ்வதன் பொருட்டு எந்த வைத்தியரும் கொடுக்கலாகாது என்பது சட்டம். மீறினால் ஒவ்வொரு தடவைக்கும் 25,000 டாலர் அபராதம், லைசென்ஸுக்கும் ஆபத்து. பெற்றோரின் சம்மதமும் வைத்தியரின் யோசனையும் குழந்தையின் வேதனையும் அதன் முன் ஒரு பொருட்டல்ல.

அதே மருந்தை, எட்டு வயதுக்கு முன்னரே பூப்பின் குறி கண்ட சிறுமிக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். பாலுறுப்பு வழக்கத்துக்கு மாறாய் அமைந்த சிசுவுக்கு, வாய் திறந்து சம்மதம் சொல்லத் தெரியாத பருவத்திலேயே, கத்தி வைக்கவும் தடையில்லை. மருந்து விஷமாயின் எல்லோருக்கும் விஷமன்றோ? சிறுவர் தம் பாலை மதிக்கும்படி ஊக்குவிப்பதில் ராஜ்யத்துக்கு அக்கறை உண்டென்று சட்டசபையே அதில் எழுதி வைத்திருக்கிறது. இது வைத்தியரின் பாஷையன்று, உபதேசியாரின் பாஷை.

இச்சட்டம் வயதையும் மருந்தின் உபயோகத்தையும் வைத்தே பாகுபாடு செய்கிறது, பாலை வைத்தன்று என்பது பிரதம நீதிபதி ராபர்ட்ஸின் வாதம். கோர்ட்டுகளில் பழகிய நமக்கு இத்தகைய சாமர்த்தியங்கள் புதியனவல்ல. பூப்பு தாமதமான பையனுக்கு ஆண்மைக் குறிகள் தோன்ற ஒரு ஹார்மோனைக் கொடுக்கலாம். பெண்ணென்று பதிவான பிள்ளைக்கு அதே பலனுக்காக அதையே கொடுக்கலாகாது. இதில் பால் எங்கே வரவில்லை? மாறுபட்ட நீதிபதி ஸோட்டோமயோர் இதைத்தான் கேட்டார். துக்கத்தோடு மாறுபடுவதாக எழுதித் தம் அபிப்பிராயத்தை முடித்தார். குழந்தையின் வைத்தியத்தைப்பற்றிப் பெற்றோருக்குள்ள உரிமை என்ன என்ற கேள்வியையோ அந்த மன்றம் விசாரணைக்கே எடுத்துக்கொள்ளவில்லை.

இவ்வைத்தியத்தைப்பற்றி வைத்தியர்களுக்குள்ளேயே விவாதம் உண்டென்பதை நாம் மறைக்கவில்லை. இங்கிலாந்தில் டாக்டர் ஹிலரி காஸ் 2024 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை, சான்றுகள் பலவீனமானவை என்றது. ஆனால் 18 வயதுக்குட்பட்டோர்க்கு ஹார்மோனை அடியோடு விலக்கும்படி அதுவும் சொல்லவில்லை. மிகுந்த ஜாக்கிரதை வேண்டுமென்றது. ஜாக்கிரதை வேறு, அபராதம் வேறு. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகமோ டென்னெஸிச் சட்டத்தை எதிர்த்துக் கோர்ட்டிலேயே தன் அபிப்பிராயத்தைத் தாக்கல் செய்தது.

குழந்தைகளைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு வரும் சட்டத்தை நம் தேசமும் அறியும். 1871-ம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பாகம், வடக்கே பல ஜில்லாக்களில் ஹிஜ்ராக்களைப் போலீஸ் பதிவேட்டில் ஏற்றியது. பதிவானவர் பெண்ணுடையில் வீதிக்கு வந்தாலும், 16 வயதுக்குட்பட்ட பையன் அவரிடம் இருந்தாலும், இரண்டு வருஷம் வரை சிறை. அன்றும் சாக்கு, பிள்ளைகளின் க்ஷேமந்தான்.

இனி, சட்டம் வீட்டுக்குள் வந்து செய்யும் வேலையைப் பார்ப்போம். டென்னெஸிக்கு எட்டு அண்டை ராஜ்யங்கள் உண்டு. அவற்றுள் ஏழு ஏதோ ஒரு வடிவில் இதே தடையைச் செய்துள்ளன; வர்ஜீனியா மாத்திரம் செய்யவில்லை. அதுவோ கிழக்குக் கோடி. மேற்கு ஓரத்து மெம்பிஸ் நகரத்துப் பெற்றோர், மூன்று மாதத்துக்கொருமுறை ஊசிக்காக வேலையை விட்டு, பள்ளியை விட்டு, ராஜ்யம் தாண்டிப் பயணம் போக வேண்டும். கையில் பணமுள்ளவன் போவான். கூலிக்காரன் பிள்ளையின் கதி என்ன? 2018 முதல் 2022 வரை 60,000-க்கு மேற்பட்ட திருநர் இளைஞரிடம் திரட்டிய விவரங்களை ஆராய்ந்து 2024-ல் வெளியான கட்டுரையொன்று, அவர்களுக்கு விரோதமான பலவகைச் சட்டங்கள் பிறந்த ராஜ்யங்களில் தற்கொலை முயற்சிகள் 7 முதல் 72 சதவிகிதம் வரை அதிகரித்தன என்று கண்டது.

சிறுவரோடு இது நிற்கவுமில்லை. பிளோரிடா 2023-ல் இயற்றிய சட்டம் வயது வந்தவர்களுக்கும் நிபந்தனை விதித்தது: எம்.டி. போன்ற பட்டம் பெற்ற வைத்தியர் முன் நேரில் கையெழுத்திட்டாலன்றி மருந்தில்லை. அதுவரை அவர்களுக்கு மருந்தெழுதி வந்த உயர்பயிற்சி நர்ஸுகளின் கை கட்டப்பட்டது. நாற்பது வயதுத் திருநங்கை எந்தக் குழந்தையைக் காப்பதற்காகத் தன் மருந்தை இழக்க வேண்டும்?

கலிபோர்னியாவிலோ இத்தகைய தடைச் சட்டம் ஏதுமில்லை. ஆயினும் 2025 ஜனவரி 28-ல் ஜனாதிபதி டிரம்ப், 19 வயதுக்குட்பட்டோர்க்கு இவ்வைத்தியம் செய்யும் ஸ்தாபனங்களுக்கு மத்திய சர்க்காரின் பணவுதவியை நிறுத்த உத்தரவிட்டார். லாஸ் ஏஞ்சலஸ் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷத்துக்கு மேலாக நடந்துவந்த திருநர் இளைஞர் வைத்தியப் பிரிவு, அவ்வருஷம் ஜூலை 22-ந் தேதி மூடப்பட்டது. அங்கே வைத்தியம் பெற்றுவந்த சுமார் 3,000 பேர் வேறு வாசல் தேட வேண்டியதாயிற்று.