பிரித்தால் பொருள், இடித்தால் குப்பை

கள்ளக்குறிச்சி 2019-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் தனி மாவட்டமாக மலர்ந்தது. வளரும் ஊரில் புதிய கட்டடங்கள் எழுவதும், அவற்றுக்கு இடமளித்துப் பழையன வீழ்வதும் இயல்பே. ஆயின், அவை எவ்வாறு வீழ்கின்றன என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பழைய ஓட்டு வீடு ஒன்றை இயந்திரம் ஒரே நாளில் தரைமட்டமாக்கிவிடும். நிலை, கதவு, கைமரம், ஓடு, செங்கல் யாவும் மண்ணோடு கலந்து குப்பையாகிவிடும். அதே வீட்டை ஆட்களைக் கொண்டு மேலிருந்து கீழாகப் பிரித்தால் சில நாட்கள் கூடுதலாகும்; ஆனால் பொருள்கள் முழுமையாகக் கிடைக்கும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கற்கள் எளிதில் கழன்று வரும். சிமெண்டுச் சுவரின் கற்கள் அவ்வாறு கழலா. எனினும் அவற்றை உடைத்துத் தரைக்கு அடியில் நிரப்பலாம்.

கல்வராயன் மலைவாழ் மக்களுக்கு இது இன்னும் முக்கியமானது. சிமெண்டும் கம்பியும் மலைப்பாதை ஏறியே வெள்ளிமலைக்கும் அதற்கப்பாலுள்ள சிற்றூர்களுக்கும் வரவேண்டும். 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டம் வீடு ஒன்றுக்கு 3.50 லட்சம் ரூபாய் என வகுத்தது. அத்தொகைக்குள் வீட்டை முடிக்க முயலும் ஏழைக் குடும்பத்திற்கு, நல்ல பழைய கதவு ஒன்று மிஞ்சுவதும் பேருதவி அன்றோ!

மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு விதிகள் கட்டட இடிபாடுகளைத் தரம் பிரிக்கப் பணித்தன. 2025-இல் அறிவிக்கப்பட்ட புதிய விதிகளோ, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டடங்கள் மீதே முதன்மைப் பொறுப்பைச் சுமத்துகின்றன. நம் தெருக்களில் அத்தகைய மாளிகைகள் ஏது? எனவே சிறு வீடுகளைப் பொறுத்தவரை, நகராட்சியும் ஊராட்சியுமே முன்வரல் வேண்டும்.

அவை செய்யத்தக்கன பல. பழைய வீட்டை இடித்துப் புதியது கட்ட அனுமதி கோருவோரிடம், பயன்படும் பொருள்களை முதலில் பிரித்தெடுக்குமாறு நிபந்தனை விதிக்கலாம். ஒதுக்குப்புறமான பொது இடத்தில் அவற்றைச் சேமித்து, விலை குறித்து, ஏழைகளுக்கு முன்னுரிமை தந்து விற்கலாம். தம் சொந்தக் கட்டடங்களை ஏலம் விடும்போதும் இதே முறையைக் கைக்கொள்ளலாம். 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிச் சுவர் இடிந்து மூன்று மாணவர் மாண்ட பின், பழுதுற்ற பள்ளிக் கட்டடங்களை இடிக்க மாநிலமெங்கும் ஆணை பிறந்தது. ஆபத்தான கட்டடம் அகற்றப்பட வேண்டியதே. ஆனால் அதன் சன்னல்களும் கதவுகளும் ஒருங்கே நொறுங்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநகராட்சி இதற்கு வழிகாட்டியுள்ளது. 1916-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ கட்டிய வீடுகளை நொறுக்காமல் பிரித்தே எடுக்க வேண்டும் என 2016-இல் அது சட்டம் இயற்றியது. 2020-இல் அவ்வெல்லையை 1940 வரை விரித்தது. பிரிக்கும் தொழிலில் பயிற்சி பெற்றோருக்குச் சான்றிதழும் வழங்கியது. அங்கே சட்டம், தொழிலாளருக்குப் புதிய பிழைப்பும் ஆயிற்று.

எச்சரிக்கையும் தேவை. துருவேறிய கம்பியும் கறையான் அரித்த மரமும் வீட்டைத் தாங்கா. ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை உடைத்தால் எழும் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு; அதனை மீண்டும் பயன்படுத்தலாகாது. எது உதவும், எது உதவாது எனப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லல் நலம்.

அடுத்த கிராம சபையில் நம் குடும்பத் தலைவர்களும் தாய்மார்களும் இதனைத் தீர்மானமாக முன்வைப்பார்களாக. கேட்பவர் இருந்தால்தான் ஊராட்சியும் செவிசாய்க்கும்.